நீலகிரி வண்டிகளுக்கு சப்வூஃபர் பாக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சப்வூஃபர் என்பது தாழ்ந்த ஒலியை, அதாவது பேஸை, மட்டும் பாடும் பெரிய ஸ்பீக்கர்; அதை மாட்டும் மரப்பெட்டிதான் பாக்ஸ். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் ஓடும் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. பொதுவாகக் கிடைக்கும் பாக்ஸ் அளவுகளும் ஆலோசனைகளும் வெயில் காயும் சமவெளி ஊர்களுக்குச் சரி. மலையில் பாக்ஸை முதலில் கெடுப்பது ஈரம், அடுத்தது கொண்டை ஊசி வளைவு. கணக்குப் பிழை மூன்றாவதாகத்தான் வரும்.

பாக்ஸ் எதற்கு? ஸ்பீக்கரை அப்படியே டிக்கியில் மாட்டினால் பாடாதா?

பாடும், பேஸ் மட்டும் வராது. கோன் (ஸ்பீக்கரில் அசையும் கூம்புப் பகுதி) முன்னால் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்பக்கம் காற்றை இழுக்கிறது. தாழ்ந்த ஒலிகளில் இந்த இரண்டு அலைகளும் ஸ்பீக்கரைச் சுற்றி வந்து சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். பின்பக்க அலையை அடைத்து வைப்பது பாக்ஸின் முதல் வேலை. உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் போல நின்று கோன் அளவுக்கு மீறி ஓடாமல் பிடிப்பது இரண்டாவது வேலை. பாக்ஸ் இல்லாமல் சத்தம் கூட்டினால் கோனை அசைக்கும் கம்பிச் சுருளான காயில் தட்டிக் கிழியும்.

சீல்டு பாக்ஸா, போர்ட்டட் பாக்ஸா?

சீல்டு என்றால் எல்லாப் பக்கமும் மூடிய பாக்ஸ்; போர்ட்டட் என்றால் போர்ட் என்ற குழாய் வழியாகக் காற்று போய்வரும் பாக்ஸ். இந்த மலையில் ஓடும் பத்தில் ஒன்பது வண்டிக்கு சீல்டு போதும் என்பதே எங்கள் பதில். காரணங்களைச் சொல்கிறோம், பிறகு உங்கள் இஷ்டம்.

ஒன்று, இடம். ஒரே 12 அங்குல ஸ்பீக்கருக்கு சீல்டு பாக்ஸ் 25 முதல் 40 லிட்டருக்குள் முடியும். போர்ட்டட் என்றால் 45 முதல் 65 லிட்டர் வரை போகும். இங்கே டிக்கி சும்மா இருப்பதில்லை. கேஸ் சிலிண்டர், காய்கறி மூட்டை, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றி வரும் மளிகை எல்லாம் அதில்தான்.

இரண்டு, காரின் உள்ளறையே பேஸைக் கூட்டிக் கொடுக்கிறது. கதவு மூடிய கார் ஒரு சிறிய அடைபட்ட அறை. சுமார் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போக அந்த அறை ஒலியை ஏற்றும். சீல்டு பாக்ஸின் ஒலியோ அதே பகுதியில் எண்மத்துக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் வீதம் இறங்கும். இந்த ஏற்றமும் இறக்கமும் கிட்டத்தட்ட ஈடாகிவிடுவதால் சின்ன பாக்ஸிலும் ஆழமான பேஸ் கிடைக்கிறது. போர்ட்டட் பாக்ஸ் அதன் டியூனிங்குக்கு (போர்ட் அதிகம் ஒலிக்கும் ஹெர்ட்ஸுக்கு) கீழே எண்மத்துக்கு 24 டெசிபல் வீதம் சரியும்; அங்கே கோனைப் பிடித்து நிறுத்தவும் ஒன்றும் இல்லை.

மூன்று, ஈரம். போர்ட் என்பது திறந்த வாய். மஞ்சூர், தேவாலா மழையில் இரவு முழுக்க வெளியே நின்ற வண்டியில் அந்த வாய் வழியாக ஈரக்காற்று மாக்னட் வரை போய்வரும். சீல்டு பாக்ஸில் குறைந்தது பின்பக்கமாவது காய்ந்திருக்கும்.

தவிலின் தொப்பிப் பக்கம் விழும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பவர்களுக்கும் சீல்டுதான் பொருந்தும். அதிக வாட் இல்லாமல் சத்தம் மட்டும் பெரிதாக வேண்டும் என்றால் போர்ட்டட். டியூனிங் ஒலியைச் சுற்றி 3 டெசிபல் அளவுக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

ஸ்பீக்கரை உள்ளே இரண்டு அறைகளுக்கு நடுவில் மறைத்து வைக்கும் பேண்ட்பாஸ் பாக்ஸ்? முதல் பாக்ஸாக அதைச் செய்யாதீர்கள். பிழை இருந்தால் பிரித்துப் பார்க்கக்கூட வழி இருக்காது.

எத்தனை லிட்டர் என்று எப்படி முடிவு செய்வது?

ஸ்பீக்கரோடு வரும் தாளைப் பாருங்கள். அதில் எஃப்எஸ் (Fs), க்யூடிஎஸ் (Qts), க்யூஇஎஸ் (Qes), வாஸ் (Vas) என்று நான்கு எண்கள் இருக்கும். எஃப்எஸ்ஸை க்யூஇஎஸ்ஸால் வகுங்கள். விடை 50-க்குக் கீழே என்றால் அந்த ஸ்பீக்கர் சீல்டுக்கு ஏற்றது. 90-க்கு மேலே என்றால் போர்ட்டட்டுக்கு. நடுவில் வந்தால் எதிலும் வைக்கலாம்.

சீல்டு பாக்ஸில் நமக்கு வேண்டியது க்யூடிசி (Qtc) என்ற எண். வாஸை பாக்ஸ் லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூடிஎஸ்ஸால் பெருக்கினால் அது வரும். உதாரணமாக க்யூடிஎஸ் 0.45, வாஸ் 50 லிட்டர், பாக்ஸ் 30 லிட்டர். 50-ஐ 30-ஆல் வகுத்தால் 1.67, 1 கூட்டினால் 2.67, வர்க்கமூலம் 1.63, 0.45-ஆல் பெருக்கினால் 0.735. ஏறக்குறைய 0.7 வந்தால் ஒலி சமமாக இருக்கும். 0.9-ஐத் தாண்டினால் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் மட்டும் பாக்ஸ் உறுமும், மற்றதில் ஒன்றும் இருக்காது.

தாள் இல்லையா? 8 அங்குலத்துக்கு 10 முதல் 14 லிட்டர், 10 அங்குலத்துக்கு 15 முதல் 22, 12 அங்குலத்துக்கு 25 முதல் 40 என்று வைத்துக்கொண்டு நடு அளவில் செய்யுங்கள். வெளிநாட்டுக் கம்பெனித் தாளில் கன அடி என்று இருந்தால் 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர்.

ஊட்டி உயரத்தில் கணக்கு மாறுமா?

மாறும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 76 சதவீதம்தான். பாக்ஸுக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங்கின் விறைப்பு நேராக அழுத்தத்தைப் பொறுத்தது. ஆகவே தாளில் 50 லிட்டர் என்று போட்ட வாஸ் ஊட்டியில் 38 லிட்டர் போல நடந்துகொள்ளும். மேலே சொன்ன 30 லிட்டர் பாக்ஸின் க்யூடிசி 0.735-லிருந்து 0.68-க்கு இறங்கும். காதுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

கவனிக்க வேண்டியது வேறு. ஸ்பிரிங் இளகுவதால் அதே வாட்டுக்குக் கோன் அதிகம் ஓடும். சத்தமோ சுமார் 2 டெசிபல் குறையும், ஏனென்றால் தள்ளுவதற்குக் காற்றே குறைவு. அந்த 2 டெசிபலை வால்யூமில் மீட்கப் பார்த்தால் ஒன்றரை மடங்கு வாட் வேண்டும். கோன் இன்னும் ஓடும். கோயம்புத்தூரில் வைத்து செட் பண்ணிய சிஸ்டம் ஊட்டிக்கு வந்ததும் சப்பென்று இருப்பதும், சத்தம் கூட்டினால் டக் டக்கென்று அடிப்பதும் இதனால்தான். ஊட்டியிலேயே நிற்கும் வண்டி என்றால் பாக்ஸைக் கணக்கிட்டதைவிடக் கால் பங்கு சின்னதாகச் செய்தால் பழைய விறைப்பு திரும்பிவிடும். மலைக்கும் சமவெளிக்கும் ஏறி இறங்கும் வண்டிக்கு 10 சதவீதம் குறைத்தால் போதும்.

குளிர் டியூனிங்கை மாற்றுமா என்றும் கேட்பார்கள். 30 டிகிரியில் 34 ஹெர்ட்ஸுக்குச் செய்த போர்ட் 10 டிகிரியில் 33 ஆகும். விட்டுவிடலாம்.

எந்தப் பலகை?

18 மி.மீ. பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது. கடையில் மரைன் பிளை அல்லது பிடபிள்யூபி என்று கேட்டால் தெரியும். விலை அதிகம்தான், ஆனால் இந்த ஊருக்கு அதுதான். அடுத்த தேர்வு எச்டிஎச்எம்ஆர் போர்டு. கனமானது, ஈரம் ஓரளவு தாங்கும், அறுத்த விளிம்பு சுத்தமாக வரும்.

சமவெளியில் எல்லோரும் எம்டிஎஃப்பில் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) செய்கிறார்கள், அங்கே அது நல்ல தேர்வும்கூட. இங்கே அது தண்ணீர் குடிக்கும். குறிப்பாக அறுத்த விளிம்பும் திருகு ஓட்டையும். விளிம்பு ஒருமுறை ஊதினால் காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. மூட்டு பிளந்து காற்று கசியும், திருகு பிடிமானம் போய்க் கையோடு வரும். எம்டிஎஃப்தான் கையில் இருக்கிறது என்றால் உள்ளும் புறமும் விளிம்புகளில் மூன்று கோட் பியூ (பாலியூரிதேன்) சீலர் அடித்த பிறகே துணியோ ரெக்சினோ ஒட்டுங்கள்.

12 மி.மீ. பலகை 8 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பக்கங்கள் அதிரும், அதிர்கிற பலகை பேஸைத் தின்னும். பார்ட்டிக்கிள் போர்டு எந்த அளவிலும் வேண்டாம். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களும் உண்டு. அது பிஸ்கட் வைக்கத்தான் ஆகும்.

எஸ்டேட்டில் வெட்டிய சில்வர் ஓக், கற்பூர மரப் பலகை சும்மாவே கிடைக்கிறது. அதில் செய்யலாமா?

வேண்டாம். முழு மரப் பலகை ஈரத்தில் குறுக்குவாட்டில் விரியும், வெயிலில் சுருங்கும். இங்கே ஒரே நாளில் இரண்டும் நடக்கும். நீளவாட்டில் இருக்கும் பலகையும் குறுக்குவாட்டில் இருக்கும் பலகையும் வேறுவேறு அளவில் நகர்வதால் மூட்டு நிச்சயம் வாய் திறக்கும். பிளைவுட்டில் அடுக்குகள் மாறிமாறிக் குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. சில்வர் ஓக்கை உள்ளே குறுக்குக்கட்டையாகப் போடலாம், நன்றாகக் காய்ந்திருந்தால்.

12 அங்குலத்துக்கு அளவும் வெட்டுப் பட்டியலும் கொடுங்கள்.

நிகரமாக 30 லிட்டர் சீல்டு பாக்ஸ். வெளி அளவு 450 அகலம், 370 உயரம், 296 ஆழம், எல்லாம் மி.மீ. பலகை 18 மி.மீ.; முன்பக்கம் இரட்டைப் பலகை.

450 × 370: மூன்று (முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று)
450 × 242: இரண்டு (மேல், கீழ்)
334 × 242: இரண்டு (பக்கங்கள்)
334 × 60: இரண்டு (பின்பலகைக் குறுக்குக்கட்டை)

உள்ளளவு 414 × 334 × 242, அதாவது 33.5 லிட்டர். ஸ்பீக்கர் சுமார் 2.5 லிட்டரையும் கட்டைகள் 0.7 லிட்டரையும் அடைத்துக்கொள்ளும், மீதி 30. எட்டுக்கு நாலு அடி ஷீட்டில் மூன்றில் ஒரு பங்குதான் செலவாகும், ஆகவே பாதி ஷீட் வாங்கினால் தாராளம். மர டிப்போவிலேயே டேபிள் ரம்பத்தில் அறுத்து வாங்குங்கள். கை ரம்பத்தில் ஒரு மி.மீ. கோணல் வந்தாலும் அந்த இடைவெளியைப் பசை நிரப்பாது. ஒரு வெட்டுக்கு ரம்பம் 3 மி.மீ. தின்னும் என்பதைக் குறிக்கும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறுக்கும் முன் டிக்கியின் வாயை அளந்துவிடுங்கள். உள்ளே இடம் இருந்து வாய் வழியாக நுழையாத பாக்ஸ்கள் இந்த மலையில் நிறைய உண்டு.

செய்முறை இப்படி. கீழ்ப்பலகையின் மேல் இரண்டு பக்கங்களையும் நிறுத்திப் பசை, திருகு. அதன்மேல் மேல்பலகை. நான்கு மூலையும் 90 டிகிரியா என்று குறுக்கு அளவு எடுங்கள்; மூலைக்கு மூலை இரண்டு குறுக்கு அளவும் சமமாக வர வேண்டும். பின்பலகையில் இரண்டு குறுக்குக்கட்டைகளையும் நெட்டாக, 60 மி.மீ. பக்கம் உள்ளே நீட்டும்படி ஒட்டி, அதைச் சட்டத்தின் மேல் மூடுங்கள். மாக்னட்டின் பின்னால் காற்றுத் துளை இருக்கும். கட்டைக்கும் அதற்கும் 25 மி.மீ.க்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். முன்பலகைகள் இரண்டையும் முதலில் ஒன்றோடொன்று ஒட்டிக் காயவிட்டு, ஜிக்சாவில் ஓட்டை வெட்டி, பிறகு சட்டத்தில் பொருத்துங்கள்.

ஓட்டையின் விட்டம் 12 அங்குலத்துக்குச் சாதாரணமாக 280 மி.மீ. ஒட்டி இருக்கும், ஆனால் ஸ்பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு அளக்காமல் வெட்டாதீர்கள். 36 மி.மீ. தடிப்பு என்பதால் ஓட்டையின் உள்விளிம்பை 45 டிகிரியில் சீவிவிடுங்கள். இல்லாவிட்டால் கோனின் பின்னால் காற்று நெருக்கப்பட்டு ஊதல் சத்தம் வரும்.

திருகு 8 நம்பர், 40 மி.மீ., எஸ்எஸ். நூறு மி.மீ.க்கு ஒன்று. 3 மி.மீ. பிட்டில் முன்துளை போட்டே இறக்குங்கள், இல்லாவிட்டால் பிளையின் அடுக்கு பிளக்கும். கறுப்பு ஜிப்சம் திருகு மலிவுதான், ஒரே மழைக்காலத்தில் துருவேறித் தலை முறியும். ஸ்பீக்கரை மாட்ட மரத் திருகு வேண்டாம்; எம்5 டி-நட்டை உள்ளிருந்து அடித்து போல்ட் போடுங்கள். எட்டு வேண்டும். பிளாஸ்டிக் டெர்மினல் கப்புக்குப் பதிலாக இரண்டு பித்தளை போல்ட்டை நேராகப் பலகையில் இறக்கி, உள்ளே ஒயரை லக்குடன் முறுக்கி, சுற்றிலும் எம்-சீல் பூசினால் காற்றும் கசியாது, டெர்மினலும் உடையாது.

முடிந்த பாக்ஸ் ஸ்பீக்கரோடு சேர்த்து 16 முதல் 19 கிலோ வரும்.

பசை வெள்ளையாகப் பொடிந்து மூட்டு கையோடு வந்துவிட்டது. ஏன்?

குளிரில் ஒட்டியிருப்பீர்கள். வெள்ளை மரப் பசை காயும்போது அதன் துகள்கள் ஒன்றோடொன்று இழைந்து படலமாக வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே இழையாமல் சுண்ணாம்புப் பொடி போல நின்றுவிடும். டிசம்பர், ஜனவரி மாலையில் ஷெட்டில் ஒட்டினால் இதுதான் நடக்கும். காலை பத்து மணிக்கு மேல் ஒட்டுங்கள். பலகையையும் பசையையும் முன்னதாக வெயிலில் அரை மணி வைத்து எடுங்கள். கிளாம்ப்பைச் சமவெளியில் நாலு மணியில் கழற்றலாம், இங்கே ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். சாதாரணப் பசை வேண்டாம், தண்ணீர் தாங்கும் மரைன் வகையை வாங்குங்கள்.

உள்மூட்டில் எந்த சிலிக்கான்?

நியூட்ரல் வகை. திறந்தவுடன் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம். அந்த அமிலப் புகை தாமிரத்தில் களிம்பு ஏற்றும், காயிலின் ஒயர்களையும் விடாது. எந்த வகையானாலும் பூசி ஒரு நாள் முழுக்க ஓட்டையைத் திறந்தே வைத்து, வாடை போன பிறகு ஸ்பீக்கரை மாட்டுங்கள்.

காற்று கசிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சீல்டு பாக்ஸில் கோனை இரண்டு கை விரல்களாலும் மெதுவாக, நேராக உள்ளே அழுத்திப் பிடித்து விடுங்கள். மெல்ல ஊர்ந்து திரும்பினால் பாக்ஸ் இறுக்கமாக இருக்கிறது. படக்கென்று திரும்பினால் எங்கோ வழி இருக்கிறது. எந்த இடம் என்று பார்க்க, 30 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு ஊதுபத்தியை மூட்டு மூட்டாக நகர்த்துங்கள். கசியும் இடத்தில் புகைக்கோடு நடுங்கும். பெரும்பாலும் அது டெர்மினல், அல்லது ஸ்பீக்கர் வளையத்துக்கு அடியில் கேஸ்கெட் போடாத இடம்.

உள்ளே பஞ்சு வைக்க வேண்டுமா?

சீல்டில் வைத்தால் பாக்ஸ் கொஞ்சம் பெரியது போல நடந்துகொள்ளும். 30 லிட்டருக்கு 300 முதல் 400 கிராம் பாலியஸ்டர் தலையணைப் பஞ்சு, உதிர்த்துத் தளர்வாக. இலவம் பஞ்சும் பருத்தியும் ஈரம் பிடித்துக் கட்டியாகும், பூஞ்சை பூக்கும். கோன் பக்கம் பஞ்சு போகாமல் ஒரு வலைத்துணி போடுங்கள். போர்ட்டட்டில் நிரப்ப வேண்டாம்.

போர்ட்டட்தான் வேண்டும் என்கிறேன். குழாய் எவ்வளவு நீளம்?

10 செ.மீ. உள்விட்டமுள்ள ஒரு குழாய்க்கு: 23,56,250-ஐ டியூனிங் ஹெர்ட்ஸின் வர்க்கத்தாலும் பாக்ஸ் லிட்டராலும் வகுத்து, வரும் எண்ணிலிருந்து 7.3-ஐக் கழித்தால் நீளம் செ.மீ.யில் கிடைக்கும். 55 லிட்டர், 34 ஹெர்ட்ஸ் என்றால் 37.1-லிருந்து 7.3 போக, ஏறத்தாழ 30 செ.மீ. பிளம்பிங் கடையின் 110 மி.மீ. பிவிசி குழாய் ஏறக்குறைய இதற்கு ஆகும். குழாய் அடைக்கும் சுமார் 3 லிட்டரைப் பாக்ஸ் அளவில் கூட்டிக்கொள்ளுங்கள். உள்முனைக்கும் எதிர்ப்பலகைக்கும் இடையே ஒரு குழாய் விட்டமாவது இடம் வேண்டும். இல்லையென்றால் டியூனிங் இறங்கிப் போகும். வெளிமுனையில் கொசுவலையாவது கட்டுங்கள். எஸ்டேட் ஷெட்டில் நிற்கும் வண்டி என்றால் எலிக்கு அது ரெடிமேட் வீடு.

பொலிரோ பிக்கப், ஆம்னி, பழைய ஜீப்புக்கு என்ன வழி?

கேரட், பீட்ரூட் லோடு அடிக்கும் பிக்கப்பில் சீட்டுக்குப் பின்னால் 120 முதல் 150 மி.மீ. இடம்தான் கிடைக்கும். ஷாலோ (ஆழம் குறைந்த) வகை 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கரும் 10 முதல் 15 லிட்டர் தட்டைப் பாக்ஸும் போடலாம். ஸ்பீக்கரின் மவுண்டிங் ஆழத்தோடு 20 மி.மீ. சேர்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆம்னியில் பின்சீட்டுக்கு அடியில் செய்யலாம், ஆனால் எல்பிஜி தொட்டி உள்ள வண்டியில் அந்தப் பக்கம் துளையும் வேண்டாம், பவர் ஒயரும் வேண்டாம். தார்ப்பாய் போட்ட ஜீப்பில் உள்ளறை அடைபடாததால் முன்னே சொன்ன ஏற்றம் கிடைக்காது. அங்கே மட்டும் போர்ட்டட்டுக்கு நியாயம் இருக்கிறது.

டிக்கியில் எப்படிக் கட்டுவது? வெல்க்ரோ போதுமா?

போதாது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி ஏற 36 கொண்டை ஊசி வளைவு. 18 கிலோ பாக்ஸ் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் இடிக்கும்; இறக்கத்தில் திடீர் பிரேக் போட்டால் பின்சீட்டின் முதுகில் மோதும். பின்னால் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நினைத்துக்கொண்டு கட்டுங்கள்.

3 மி.மீ. தடிப்புள்ள நான்கு எல்-பிராக்கெட், பாக்ஸ் பக்கம் எம்6, தரைப் பக்கம் எம்8 போல்ட், தரைக்கு அடியில் 40 மி.மீ. வாஷர். துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்: பெட்ரோல் தொட்டி, பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் எது எங்கே என்று. ஸ்டெப்னி எடுக்க வழி விடுங்கள். மழையில் நடுரோட்டில் பாக்ஸைக் கழற்றிக்கொண்டு நிற்கக் கூடாது. துளை போட்ட தகட்டு விளிம்பில் பிரைமர் தடவி பியூ சீலன்ட் வையுங்கள். மூட்டை ஏற்றும் வண்டியில் ஸ்பீக்கரின் மேல் இரும்பு கிரில் கட்டாயம்.

ஒயரும் ஃபியூஸும்?

500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் வாட்) கிளாஸ்-டி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) முழுச் சத்தத்தில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். 5 மீட்டர் ஓட்டத்துக்கு 16 சதுர மி.மீ. சுத்தத் தாமிர ஒயர், 60 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய ஒயர் என்றால் 25 சதுர மி.மீ. எடுங்கள். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அதுதான் இது. கடைக்காரர் சொல்வதைவிட இந்தச் சோதனை நம்பகமானது. ஃபயர்வாலில் ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் அதிர்வில் உறை தேய்ந்து ஷார்ட் ஆகும். எர்த் ஒயரும் அதே தடிப்பு, அரை மீட்டருக்குள், பெயின்ட்டைச் சுரண்டிய தகட்டில், மேலே கிரீஸ்.

பனிமூட்ட இரவில் ஹெட்லைட், ஃபாக் லேம்ப், வைப்பர், டிஃபாகர், புளோயர் எல்லாம் சேர்ந்து ஓடும். ஹெட்லைட் இரண்டும் மட்டுமே 9 ஆம்பியர். பேஸ் அடிக்கும்போதெல்லாம் லைட் மங்கினால் ஆல்டர்னேட்டர் திணறுகிறது என்று பொருள். கெப்பாசிட்டர் வாங்கிக் காசை விடாதீர்கள். சின்ன கார் என்றால் 300 வாட்டோடு நிற்பது நல்லது.

டபுள் காயில் ஸ்பீக்கரை எப்படி இணைப்பது?

4 ஓம் இரட்டைக் காயில் என்றால் இணையாகப் போட்டால் 2 ஓம், தொடராகப் போட்டால் 8 ஓம். ஆம்ப் 2 ஓம் தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருந்தால் மட்டும் இணையாக. ஒரு காயிலை மாற்றிப் பிடித்தால் இரண்டும் எதிரெதிராக இழுத்துக் கோன் அசையாது, சூடு மட்டும் ஏறும்.

ஆம்பை எப்படி செட் பண்ணுவது?

லோ-பாஸ் (இதற்கு மேலான ஒலியை வெட்டுவது) 80 ஹெர்ட்ஸ், பேஸ் பூஸ்ட் பூஜ்யம். போர்ட்டட் என்றால் சப்சானிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டுவது) 30-ல். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோ வால்யூம் முக்கால் அளவில் 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஆம்ப் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை வோல்ட் என்று வரும்: 300 வாட், 4 ஓமுக்கு 34.6, 2 ஓமுக்கு 24.5. மீட்டர் அந்த எண்ணைத் தொடும் வரை கெயினைத் திருப்பி அங்கேயே விட்டுவிடுங்கள்.

பனிக்காலக் காலையில் பேஸ் இறுகிப்போய்க் கேட்கிறது.

ரப்பர் விளிம்பும், கோனைப் பின்னாலிருந்து தாங்கும் ஸ்பைடரும் குளிரில் விறைத்திருக்கும். முதல் பத்து நிமிடம் குறைந்த சத்தத்தில் ஓட்டினால் இளகிவிடும். விறைத்த நிலையில் முழுச் சத்தம் வைத்தால் ஸ்பைடரின் ஒட்டு விடும். 0 டிகிரியில் பேட்டரியும் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும்; இன்ஜின் ஓடாமல் பாட்டு வேண்டாம். புதிதாக வாங்குகிறவர்கள் காகிதக் கோனைத் தவிர்த்து பாலிபுரொப்பிலீன் கோன், ரப்பர் விளிம்பு என்று பார்த்து வாங்குங்கள். நுரை விளிம்பு இந்த ஈரத்தில் உதிரும்.

பாக்ஸில் பூஞ்சை வாடை அடிக்கிறது.

கார்ப்பெட் துணி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அதைக் கழற்றி ரெக்சின் ஒட்டுங்கள். பாக்ஸின் அடியில் 10 மி.மீ. ரப்பர் காலடி வைத்துக் காற்று ஓட வழி விடுங்கள். டிக்கி விரிப்புக்கு அடியில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் டெயில் கேட் ரப்பர்தான் குற்றவாளி. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரிலும் மழைக்கு முன் ஒருமுறை டெர்மினலைத் திறந்து களிம்பைத் துடைத்து வாசலின் தடவிவிட்டால் போதும்.

டிக்கி கடகடவென்று அடிக்கிறது. பாக்ஸில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. நம்பர் பிளேட்டின் பின்னால் நுரை டேப், டெயில் கேட்டின் உள்தகட்டில் பியூட்டைல் ஷீட், ஜாக்கியையும் ஸ்பேனரையும் துணியில் சுற்றுவது. இந்த மூன்றில் முக்கால்வாசி அடங்கும்.

எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

எதிரே ஏறி வரும் பஸ்ஸின் ஹார்ன் கேட்க வேண்டும், அந்த அளவு. வளைவில் கண்ணுக்குத் தெரியும் முன் காதுக்குத்தான் தெரியும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். முதுமலைக்குள் நுழைந்ததும் பாட்டை நிறுத்திவிடுங்கள். பர்லியாறு சாலையில் யானை நிற்கும்போது பேஸ் அடித்துக்கொண்டு போவது வீரம் ஆகாது.

பழைய போர்ட்டட் பாக்ஸ் ஒன்று இருக்கிறது. போர்ட்டை அடைத்து சீல்டாக்கலாமா?

ஆக்கலாம். 18 மி.மீ. பிளையில் வட்டம் வெட்டி, போர்ட்டின் உள்பக்கமிருந்து பசையும் திருகும் போட்டு, விளிம்பில் சிலிக்கான் ஓட்டுங்கள். துணி அடைத்தால் அது அடைப்பு ஆகாது. ஆனால் 55 லிட்டர் பாக்ஸ் சீல்டுக்குப் பெரியது, கோன் கட்டுப்பாடில்லாமல் ஓடும், ஊட்டி உயரத்தில் இன்னும் அதிகமாக. உள்ளே கட்டைகளை அடுக்கி ஒட்டி 30, 35 லிட்டருக்குக் கொண்டுவாருங்கள். 100 × 100 மி.மீ. கட்டை ஒன்று 300 மி.மீ. நீளத்தில் 3 லிட்டரை அடைக்கும்; ஏழு கட்டை போதும். காய்ந்த கட்டையாக இருக்கட்டும். ஸ்பீக்கரின் நேர் பின்னால் வைக்காமல் மூலைகளில் வையுங்கள். பாக்ஸும் கூடவே இறுகிவிடும்.